2147483647: டேட்டாபேஸில் அடிக்கடி தலைகாட்டும் இந்த எண்ணின் கதை என்ன?

சில ஆண்டுகளுக்கு முன்பு, நாடு முழுவதிலிருந்தும் புகார் வாங்கும் ஓர் அலுவலகத்திடமிருந்து ஒரு பட்டியல் கிடைத்தது. எக்செல் கோப்பு, சில ஆயிரம் வரிசைகள். புகார் கொடுத்தவர்களில் ஐம்பது பேரையாவது போனில் பிடித்து, "உங்க பிரச்னை தீர்ந்ததா?" என்று கேட்பதுதான் என் திட்டம்.

போன் நம்பர் இருக்கும் பகுதியைப் பார்த்தால், கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே நம்பர். 2147483647.

யாரோ சோம்பல்பட்டு காப்பி பேஸ்ட் செய்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இடையிடையே வேறு எண்களும் இருந்தன. எல்லாமே லேண்ட்லைன். 11-இல் தொடங்கும் தில்லி எண்கள், 20-இல் தொடங்கும் புனே எண்கள் இருந்தன. சென்னையின் 44, மும்பையின் 22, கொல்கத்தாவின் 33 ஒன்றுகூட இல்லை. மொபைல் எண்ணும் ஒன்றுகூட இல்லை. அதாவது, குறிப்பிட்ட ஓர் அளவுக்குக் கீழே இருந்த எண்கள் மட்டும் தப்பித்திருந்தன. அதைத் தாண்டிய எல்லாமே அந்த ஒரே எண்ணாக மாறியிருந்தன.

நீங்கள் ஐடி துறையில் இருந்தால் இந்த எண்ணை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் உங்கள் போன், வங்கிக் கணக்கு, அலுவலக சாஃப்ட்வேர் எல்லாவற்றிலும் இது எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது. இது என்ன எண்? ஏன் இதிலேயே வந்து நிற்கிறது? 2038-ஆம் ஆண்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இது ஏன் வருகிறது?

ஒரே பார்வையில்

- நம் முறையில் எழுதினால்: 214,74,83,647. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.
- கணித வடிவம்: 2³¹ − 1. இரண்டை 31 முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் கிடைப்பது.
- இரும முறையில்: வரிசையாக 31 ஒன்றுகள்.
- பகா எண். 1 மற்றும் அதே எண்ணைத் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாது.
- 32 பிட் குறியுடைய முழு எண் வகையில் சேமிக்கக்கூடிய அதிகபட்ச மதிப்பு.

எவ்வளவு பெரிய எண் இது?

இந்தியாவின் மக்கள்தொகையைப் போல சுமார் ஒன்றரை மடங்கு. நொடிக்கு ஒன்று என்று, தூங்காமல் சாப்பிடாமல் எண்ணிக்கொண்டே போனால் முடிக்க 68 ஆண்டுகளுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். இந்த 68 ஆண்டுக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மனிதக் கணக்கில் பெரிய எண்தான். ஆனால் இன்றைய இந்தியாவின் டிஜிட்டல் கணக்கில் இது சின்ன எண்.

கணினி ஏன் இந்த எண்ணில் நிற்கிறது?

பழைய ஸ்கூட்டர் மீட்டரை நினைத்துப் பாருங்கள். ஐந்து கட்டம் இருந்தால் 99999 வரை ஓடும். அடுத்த கிலோமீட்டரில் 00000. வண்டி பின்னோக்கிப் போகவில்லை, மீட்டரில் இடம் தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

கணினியிலும் இதே கதை. ஒரு முழு எண்ணைச் சேமிக்க 32 கட்டங்கள், அதாவது 32 பிட் ஒதுக்குவது நெடுநாள் வழக்கம். ஒவ்வொரு பிட்டிலும் 0 அல்லது 1 மட்டுமே இருக்க முடியும். கழித்தல் எண்களையும் எழுத வேண்டும் என்பதால் முதல் பிட் குறிக்குப் போய்விடுகிறது. மிச்சம் 31. அந்த 31 பிட்டிலும் 1 இருந்தால் வருவதுதான் 2147483647.

அதோடு ஒன்றைக் கூட்டினால் என்ன ஆகும்? சின்ன உதாரணமாக 4 பிட்டை எடுத்துக்கொள்வோம். அதிகபட்ச எண் 0111, அதாவது 7. ஒன்று கூட்டினால் 1000. முதல் பிட் 1 ஆகிவிட்டதால் கணினி அதைக் கழித்தல் எண்ணாகப் படித்து −8 என்கிறது. 32 பிட்டிலும் அப்படியே. 2147483647-க்கு அடுத்து 2147483648 வர வேண்டிய இடத்தில் −2147483648 வந்து நிற்கும். இதைத்தான் ஓவர்ஃப்ளோ என்கிறார்கள்.

எல்லா மென்பொருளும் இப்படிச் சுற்றிவிடுவதில்லை. சில டேட்டாபேஸ்கள் "இந்த எண் பெரியது, ஏற்க முடியாது" என்று பிழை காட்டும். சில, எதுவும் சொல்லாமல் தன்னால் முடிந்த அதிகபட்ச எண்ணை எழுதிவிட்டுப் போய்விடும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் கண்டிப்பு முறை அணைக்கப்பட்டிருந்தால் இதுதான் நடக்கும். என் கையில் வந்த கோப்பில் இருந்ததும் இதேதான்.

பகா எண் என்பது தற்செயலா?

கணினி வடிவமைத்தவர்கள் பகா எண் வேண்டும் என்று 31-ஐத் தேர்ந்தெடுக்கவில்லை. 8, 16, 32, 64 என்று இரட்டிப்பாகப் போகும் பிட் கணக்கில் குறிக்கு ஒன்று போக மிஞ்சியது 31. அது பகா எண்ணைத் தந்தது தற்செயல்தான்.

மற்ற அளவுகளோடு ஒப்பிட்டால் இது புரியும்.

- 8 பிட்: 2⁷ − 1 = 127. பகா எண்.
- 16 பிட்: 2¹⁵ − 1 = 32767. பகா எண் அல்ல. 7 × 31 × 151.
- 32 பிட்: 2³¹ − 1 = 2147483647. பகா எண்.
- 64 பிட்: 2⁶³ − 1 = 9223372036854775807. பகா எண் அல்ல. 7-ஆல் வகுபடும்.

இதற்குப் பின்னால் ஓர் எளிய விதி இருக்கிறது. அடுக்கு எண் பகு எண்ணாக இருந்தால், இரண்டின் அந்த அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வருவதும் கட்டாயம் பகு எண்தான். 15 என்பது 3 × 5. அதனால் 2¹⁵ − 1 என்ற எண்ணை 2³ − 1 ஆன 7-உம் வகுக்கும், 2⁵ − 1 ஆன 31-உம் வகுக்கும்.

சரி, அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்ணாகிவிடுமா? அங்கேதான் சிக்கல். 11 பகா எண். ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தே ஆக வேண்டும்.

இந்த வடிவத்தில் வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். மரன் மெர்சென் 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுத் துறவி. எந்தெந்த அடுக்குகள் பகா எண் தரும் என்று 1644-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 31 இருந்தது. அது சரியான கணிப்பு. ஆனால் அதே பட்டியலில் இருந்த 67-உம் 257-உம் தவறு என்று பின்னாளில் தெரியவந்தது. 61, 89, 107 ஆகியவை விடுபட்டிருந்தன. பட்டியலில் பெயர் இருப்பது நிரூபணம் ஆகாது, இல்லையா?

ஆய்லர் கையால் போட்ட கணக்கு

நிரூபணம் வர 128 ஆண்டுகள் ஆயின. 1772-இல் லெயோனார்டு ஆய்லர் இது பகா எண்தான் என்று உறுதிசெய்தார். அப்போது அவருக்கு 65 வயதை நெருங்கியிருந்தது, பார்வை கிட்டத்தட்ட முழுவதும் போயிருந்தது. கால்குலேட்டர் கிடையாது.

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 2147483647-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 46,341. அதற்குள் சுமார் 4,800 பகா எண்கள் இருக்கின்றன. கையால் 4,800 வகுத்தல் என்றால் யாருக்கும் தலை சுற்றும்.

ஆய்லர் முதலில் யோசித்தார், பிறகுதான் வகுத்தார். இந்த எண்ணுக்கு ஒரு பகா வகுத்தி இருந்தால் அது இரண்டு நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும்.

- 62-ஆல் (31-இன் இரண்டு மடங்கு) வகுத்தால் மீதி 1 வர வேண்டும்.
- 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும்.

இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே சந்தேகப் பட்டியலில் மிஞ்சும். 46,341-க்குள் அப்படிப்பட்டவை 372 மட்டுமே (63-ஐ விட்டுவிடலாம், அது 3-ஆல் வகுபடும்). அந்த 372-இலும் பகா எண் அல்லாதவற்றை நீக்கினால் வேலை இன்னும் குறையும். எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. ஆகவே இது பகா எண்.

நிபந்தனையை நீங்களே சரிபார்க்க விரும்பினால் 2047-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அடுக்கு 11, இரண்டு மடங்கு 22. வகுத்திகள் 23, 89. இரண்டுமே 22-ஆல் வகுத்தால் மீதி 1. 8-ஆல் வகுத்தால் மீதி முறையே 7, 1. கச்சிதமாகப் பொருந்துகிறது.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, மனிதர்கள் அறிந்த மிகப் பெரிய பகா எண் இதுதான்.

"யாருக்கும் பயன்படாது" என்று சொன்னவர்

ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும். தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகை தனக்கே சமமாக இருக்கும் எண்தான் நிறைவெண். 6 = 1 + 2 + 3. அடுத்தது 28. நம் எண்ணிலிருந்து கிடைக்கும் நிறைவெண் 2³⁰ × (2³¹ − 1). விரித்து எழுதினால் 2305843008139952128, மொத்தம் 19 இலக்கங்கள்.

பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1811-இல் வெளியிட்ட எண் கோட்பாட்டு நூலில், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்ற பொருளில் எழுதினார். காரணம் முடியாது என்பதல்ல. இவையெல்லாம் வெறும் வேடிக்கை, பயன் எதுவும் இல்லை, யார் மெனக்கெடுவார்கள் என்பதுதான் அவர் வாதம்.

அவர் சொன்ன இரண்டுமே பொய்த்தன. 1876-இல் எதுவார் லூக்கா, 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். 2024 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட மெர்சென் பகா எண்ணின் அடுக்கு 13,62,79,841. அதில் 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள்.

பயன் விஷயத்தில் பார்லோவுக்குப் பதில் சொன்னது கணினிதான். ரேண்டம் எண்களை உருவாக்க ஒரு பழைய வழி உண்டு. ஓர் எண்ணை எடுத்து 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை எடுங்கள். அந்த மீதியோடு மறுபடியும் அதையே செய்யுங்கள். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று எந்த ஒழுங்கும் இல்லாதது போல எண்கள் வரும். 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களையும் சரியாக ஒரு முறை தொட்ட பிறகுதான் பழைய எண் திரும்பும். இதற்கு அடிப்படையே 2147483647 பகா எண்ணாக இருப்பது.

ஸ்டீபன் பார்க், கீத் மில்லர் இருவரும் 1988-இல் இதைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள். இன்றும் சி பிளஸ் பிளஸ் மொழியின் நூலகத்தில் இருக்கிறது. ஓடிபி, பாஸ்வேர்டு போன்றவற்றுக்கு மட்டும் வேண்டாம். அடுத்து வரும் எண்ணை எளிதாகக் கணித்துவிடலாம்.

உச்சவரம்பில் முட்டியவர்கள்

2014 டிசம்பரில் தென்கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' வீடியோவின் பார்வைகள் இந்த எண்ணைத் தாண்டின. யூடியூப் முன்கூட்டியே கவனித்து, எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியிருந்தது. அதனால் அது வேடிக்கைச் செய்தியாக முடிந்தது.

எல்லாருக்கும் அப்படி முடியவில்லை.

- 2017-இல் செஸ்.காம் தளத்தில் ஆடப்பட்ட ஆட்டங்களின் எண்ணிக்கை இந்த எண்ணைக் கடந்தது. பழைய 32 பிட் ஐபேட்களில் புதிய ஆட்டங்கள் திறக்கவில்லை.
- 2018 நவம்பரில் பேஸ்கேம்ப் என்ற அலுவலக மென்பொருளில் ஒரு டேபிளின் ஐடி 2147483647-ஐ எட்டியது. சுமார் ஐந்து மணி நேரம் வாடிக்கையாளர்களால் பழையதைப் படிக்க முடிந்ததே தவிர, புதிதாக எதுவும் எழுத முடியவில்லை.
- 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் எச்சரிக்கை உத்தரவு போட்டது. 248 நாள்கள் தொடர்ந்து மின்சாரம் ஓடினால், மென்பொருள் எண்ணி ஒன்று நிரம்பி, மின் உற்பத்திக் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒரே நேரத்தில் நின்றுவிடக்கூடும் என்றது உத்தரவு. நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணினால் 2147483647-ஐ எட்ட ஆகும் காலம் 248 நாள்களும் சுமார் 13 மணி நேரமும். இரண்டும் அப்படியே பொருந்துவதைப் பலர் சுட்டிக்காட்டினார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. பிரவுசரில் டைமர் வைக்கும் 'செட்டைம்அவுட்' மில்லிநொடிகளை 32 பிட்டில்தான் வைத்துக்கொள்கிறது. அதிகபட்சம் 24.8 நாள். "30 நாள் கழித்து நினைவூட்டு" என்று நேரடியாக எழுதினால் அது உடனே ஓடிவிடும்.

இந்தியக் கணக்குக்கு இது போதுமா?

போதாது. காரணம் எளிமையானது.

மொபைல் எண்: நம் மொபைல் எண்கள் 6, 7, 8, 9-இல்தான் தொடங்குகின்றன. மிகச் சிறியதே 600 கோடி. 214 கோடி வரை பிடிக்கும் இடத்தில் எந்த மொபைல் எண்ணும் நுழையாது. கழித்தல் குறியே வேண்டாம் என்று முடிவு செய்து வரம்பை 429 கோடி ஆக்கினாலும் நுழையாது.

ஆதார்: 12 இலக்கங்கள். பேச்சுக்கே இடமில்லை.

பணம்: பைசாவில் சேமித்தால் உச்சவரம்பு ரூ.2,14,74,836.47. தனிநபர் பில்லுக்குப் போதும். பெருநகரத்தில் ஒரு பெரிய வீட்டின் விலைக்குப் போதாது.

யுபிஐ: 2023 ஆகஸ்டில் முதல்முறையாக ஒரே மாதத்தில் 1,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டியது. ஒவ்வொன்றுக்கும் 1, 2, 3 என்று 32 பிட் ஐடி கொடுத்தால் ஒரு வாரத்துக்குள் தீர்ந்துவிடும்.

இந்த எண்ணைப் பெரியது என்று நினைத்த காலத்தில் எழுதிய பாடப்புத்தக உதாரணங்களை நாம் இன்னும் காப்பி அடித்துக்கொண்டிருக்கிறோம். ஐடி என்றால் இன்ட், போன் என்றால் இன்ட். பிரச்னை அங்கே தொடங்குகிறது.

2038 ஜனவரி 19: காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி

யூனிக்ஸ் வழி வந்த கணினிகள் நேரத்தை ஒரே எண்ணாக வைத்துக்கொள்கின்றன. 1970 ஜனவரி 1, யுடிசி நேரப்படி நள்ளிரவு 12 மணியிலிருந்து எத்தனை நொடிகள் கடந்தன என்பதுதான் அந்த எண். அதை 32 பிட்டில் வைத்தால் எப்போது நிரம்பும்? முன்பு பார்த்த அதே 68 ஆண்டுக் கணக்கு.

இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8:44:07-க்கு அந்த எண் 2147483647 ஆகும். அடுத்த நொடியில் கழித்தல் எண்ணாகி, தேதி 1901 டிசம்பர் 14 அதிகாலை 2:15:52 என்று காட்டும்.

உங்கள் போனும் லேப்டாப்பும் 64 பிட் என்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். 64 பிட்டில் நொடிகளை எண்ணினால் சுமார் 29,200 கோடி ஆண்டுகள் தாங்கும். 32 பிட் கருவிகளுக்கும் லினக்ஸ் 2020-இல் வெளியான 5.6 பதிப்பில் வழி செய்துவிட்டது. சிக்கல், ஒருமுறை நிறுவிய பிறகு யாரும் அப்டேட் செய்யாத கருவிகளிலும் பழைய கோடிலும் பழைய கோப்பு வடிவங்களிலும்தான். மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப் வகை இன்றும் அதே 2038 நொடியோடு முடிகிறது.

2038 வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. இன்று நீங்கள் 15 ஆண்டு வீட்டுக்கடன் எடுத்தால் கடைசி தவணை அந்தத் தேதியைத் தாண்டித்தான் வரும். நீண்டகாலக் காப்பீடு, ஓய்வூதியக் கணக்கு எல்லாம் அப்படியே. எதிர்காலத் தேதியைக் கணக்கிடும் நிரல் எங்காவது 32 பிட் நேரத்தை நம்பியிருந்தால், தவறு இன்றைக்கே நடக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- உங்கள் டேபிள்களில் தானாக ஏறும் ஐடிகள் எந்த வகை, இப்போது எவ்வளவில் நிற்கின்றன என்று பாருங்கள். பாதியைத் தாண்டியிருந்தால் பிக்இன்ட்டுக்கு மாற்றும் வேலையைத் தொடங்குங்கள். கடைசி நாளில் மாற்றுவது நரகம்.
- மொபைல் எண், ஆதார், கணக்கு எண் எதையும் எண்ணாகச் சேமிக்காதீர்கள். அவற்றைக் கூட்டப்போவதும் இல்லை, பெருக்கப்போவதும் இல்லை. எழுத்து வகையில் வையுங்கள். முன்னால் வரும் பூஜ்யமும் காப்பாற்றப்படும்.
- டேட்டாபேஸின் கண்டிப்பு முறையை அணைக்காதீர்கள். பிழை காட்டி நிற்பது, சத்தமில்லாமல் தரவை அழிப்பதைவிட எவ்வளவோ மேல்.
- சோதனைச் சூழலில் தேதியை 2038 ஜனவரி 20-க்கு நகர்த்தி, என்ன உடைகிறது என்று பாருங்கள்.
- ஒரு தரவுத் தொகுப்பில் 2147483647 அடிக்கடி வந்தால் அதை மதிப்பாக எடுக்காதீர்கள். சராசரி போடும் முன் நீக்குங்கள். பிறகு மூலத் தரவைத் தேடுங்கள்.

என் விஷயத்தில் மூலத் தரவு இல்லை. புகார்கள் நேராக அந்த டேட்டாபேஸில்தான் பதிவாகியிருந்தன, வேறு பிரதி கிடையாது. 2147483647 என்று மாறிய எண்ணிலிருந்து பழைய எண்ணைத் திரும்ப எடுக்க எந்தக் கணக்கும் உதவாது. நான் பேச முடிந்தது தில்லி, புனே லேண்ட்லைன்காரர்களிடம் மட்டும். அந்தச் செய்தி வெளிவரவில்லை. மற்றவர்கள் புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, அலுவலகத்திலிருந்து போன் வரும் என்று காத்திருந்திருப்பார்கள். அழைக்க நினைத்திருந்தாலும் அவர்களை அழைக்க அங்கே யாரிடமும் நம்பர் இல்லை.